49 ஆண்டுகள்: கைதட்டல் யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பரிசளிப்பு விழா மேடையில் பேச்சாளர் ஒருவர் முழங்கினார்: "மெக்சிகோவில் நம் தமிழன் பதித்த சாதனையை 49 ஆண்டுகள் எவராலும் முறியடிக்க முடியவில்லை!" மண்டபம் அதிர்ந்தது. பெற்றோர் தட்டினர், ஆசிரியர் தட்டினர், எதற்குத் தட்டுகிறோம் என்று அறியாத முதலாம் ஆண்டுப் பிள்ளைகளும் தட்டினர். நான் தட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஆசிரிய நண்பர் என் பக்கம் சாய்ந்து, "என்ன ஐயா, உங்களுக்கு இனப்பற்று இல்லையா?" என்று கேட்டார். அந்த இரைச்சலில் அவருக்கு விடை சொல்ல இயலவில்லை. சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

அந்தச் சாதனை எது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் மேடைகளில் பெருமை பெரிதாகவும் செய்தி சிறிதாகவும் இருப்பதே வழக்கம். 1968ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் மெக்சிகோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கில், மலேசியாவைச் சார்ந்த மாணிக்கவாசகம் ஜெகதீசன் 200 மீட்டர் ஓட்டத்தை 20.92 வினாடியில் ஓடி, அரையிறுதி வரை சென்றார். மலேசியாவின் தேசியச் சாதனையாக அது 2017ஆம் ஆண்டு வரை நின்றது. அவ்வாண்டில் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் என்னும் இளைஞர் அதனை முறியடித்தார். நம் மேடைப் பேச்சாளர்களுள் பெரும்பாலோர் இந்த இரண்டாம் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் முழக்கம் குன்றிவிடும் என்ற அச்சம் போலும்.

என் தந்தையார் தோட்டப் பள்ளி ஆசிரியர். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒரு பழைய குறிப்பேடு உண்டு. அதில் நாளேட்டுத் துண்டுகளை வெட்டி ஒட்டி, ஓரத்தில் மையால் தேதி எழுதி வைத்திருப்பார். நான் பிறப்பதற்கு முற்பட்ட அந்தச் சில ஆண்டுகளை அந்தக் குறிப்பேட்டின் வழியாகவே முதலில் அறிந்தேன். அவை எளிய ஆண்டுகள் அல்ல. 1966 டிசம்பரில் பாங்காக்கில் நடந்த ஐந்தாம் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அந்த 100 மீட்டரில் அவரை ஒட்டியே ஓடி வந்து வெள்ளி பெற்றவர் சிங்கப்பூரின் கனகசபை குணாளன். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவின் தொடர் ஓட்ட அணியில் ஒன்றாக நின்றவர்கள், 1965இல் நாடு இரண்டானபின், பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் வெவ்வேறு கொடியின் கீழ் ஓடினார்கள். அதே பாங்காக்கில் மயில்வாகனம் இராஜாமணி மகளிர் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அவர் அதற்கு முந்திய ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் நான்கு தங்கம் பெற்றவர். 1966இல் தேசிய விளையாட்டாளர் விருது முதன்முதலாக வழங்கப்பெற்றபோது ஆடவருள் ஜெகதீசனும் மகளிருள் இராஜாமணியுமே அதனைப் பெற்றனர். 1967இல் நாட்டின் பூப்பந்து அணி ஜகார்த்தாவிலிருந்து தாமஸ் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. என் தந்தையார் அந்தச் செய்தியைச் சுற்றிச் சிவப்பு மையால் கட்டம் போட்டிருக்கிறார்.

இத்தகைய ஆண்டுகளைப் பற்றிப் பெருமை கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 20.92 வினாடி ஒரு மனிதர் தம் கால்களால் எழுதியது. அதற்கு எத்துணைக் கைதட்டினாலும் தகும். ஆனால் 49 ஆண்டுகள் என்பது அவர் எழுதியதா? அவர் ஓடி முடித்து, காலணியைக் கழற்றி, மருத்துவராகப் பணியாற்றி, மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக இருந்து, ஓய்வும் பெற்றுவிட்டார். அந்த 49 ஆண்டுகளை எழுதியவர்கள் அவருக்குப் பின்வந்த நாம். ஒரு வீட்டில் தாத்தா கட்டிய கூரைக்குப் பின் ஓர் ஓடுகூட மாற்றப்படவில்லை என்றால், பேரப்பிள்ளைகள் அதை ஊர் கூட்டிச் சொல்லிப் பெருமைப்படுவார்களா?

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன். அதே மெக்சிகோவில், அதே 200 மீட்டரில், ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் 20.06 வினாடியில் ஓடி வெள்ளி பெற்றார். அது ஆஸ்திரேலியாவின் சாதனையாக 2024 டிசம்பர் வரை, 56 ஆண்டுகள் நின்றது. கவுட் கவுட் என்னும் பள்ளி மாணவர் 20.04 வினாடியில் ஓடிய பின்னரே அது வீழ்ந்தது. "ஆஸ்திரேலியாவும் வெட்கப்பட வேண்டுமோ?" என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அந்த 56 ஆண்டுகளில் ஆஸ்திரேலியர் கைகட்டி நின்றார்களா என்றும் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் சிட்னியில் கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டரில் ஒலிம்பிக் தங்கமே வென்றார். நம் நாடும் வெறுங்கையுடன் நின்றுவிடவில்லை. 1982இல் புதுடெல்லியில் ரபுவான் பிட் ஆசியாவின் 100 மீட்டர் தங்கத்தைக் கொண்டுவந்தார். ஆகவே என் குற்றச்சாட்டு நாட்டின் மீதன்று. மேடையேறி "நம் தமிழன்" என்று முழங்கிவிட்டு, மறுநாள் காலை உடற்கல்வி நேரத்தில் கணிதப் பயிற்சித் தாள் கொடுக்கும் நம் மீதே.

இன்னொன்றையும் ஆசிரியன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். மெக்சிகோ நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. விரைவோட்டக்காரனை எதிர்த்துத் தள்ளும் காற்றின் தடை குறைவதனால் அவனுக்கு அது துணை. நெடுந்தொலைவு ஓடுபவனுக்கோ மூச்சு போதாமையால் அது பகை. ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தளம் விரித்த ஓடுபாதையும் அங்கேதான் அமைந்தது. அந்த ஒலிம்பிக்கில் விரைவோட்டத்திலும் தாண்டுதலிலும் உலகச் சாதனைகள் அடுத்தடுத்து வீழ்ந்ததற்கு இவையும் காரணம். ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 வினாடியிலும், லீ இவான்ஸ் 400 மீட்டரை 43.86 வினாடியிலும் ஓடினர். பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார். அதற்கு முந்திய உலகச் சாதனை 8.35 மீட்டர். அளவெடுக்க வைத்திருந்த ஒளிக்கருவி அத்தொலைவுக்கு எட்டாமற்போக, நாடாவைக் கொண்டுவந்து அளந்தார்கள். ஜெகதீசனின் 20.92இலும் அந்த மலைக்காற்றுக்கு ஒரு சிறு பங்கு இருக்கும். இதைச் சொல்வதால் அவர் குறைந்துவிட மாட்டார். உண்மையை முழுதாகச் சொல்லப் பழகாத பெருமை பிள்ளைகளுக்கு உதவாது.

பீமனின் தாண்டலை உலகம் எப்படி நடத்தியது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூசை செய்யவில்லை. ஆண்டுதோறும் அதன்மேல் பாய்ந்தார்கள், தோற்றார்கள், மீண்டும் பாய்ந்தார்கள். 1991இல் டோக்கியோவில் மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டியபோது பீமனின் புகழ் எள்ளளவும் குறைந்துவிடவில்லை. சிங்கப்பூரில் குணாளனின் கதையும் இதுவே. மெக்சிகோவில் அவர் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். 33 ஆண்டுகள் கழித்து, 2001இல், உ.கா. ஷியாம் என்னும் இளைஞர் 10.37 வினாடியில் ஓடி அதனைக் கடந்தார். ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு! அந்த ஒரு பங்கைக் குறைக்க எத்தனை விடியற்காலைகள் செலவாகியிருக்கும் என்பதை உடற்கல்வி ஆசிரியர் அறிவார். மேடைப் பேச்சாளர் அறியார்.

"ஓட்டம் நம் இரத்தத்தில் இருக்கிறது" என்று சிலர் சொல்வதுண்டு. பால்மரக் காட்டில் விடியலுக்கு முன் எழுந்து நடந்த பாட்டன்மாரின் கால்கள் என்றும் கவிதை படிப்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரத்தம்தான் காரணம் என்றால், அதே இரத்தம் 1969க்குப் பின் எங்கே போயிற்று? உடற்கல்வி ஆசிரியர்களும் திடல்களும் நேரமும் செய்த வேலையை இரத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டால், நாம் செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளை பிறந்தாலே போதும்! இக்கொள்கை சோம்பேறிகளுக்கு மிகவும் ஏற்றது. குணாளனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காற்பந்து ஆடிக்கொண்டிருந்த இளம் ஆசிரியர். டான் எங் யூன் என்னும் பயிற்றுநர் அவருடைய விரைவைக் கண்டு ஓடுபாதைக்கு அழைத்தபோது அவருக்கு வயது இருபதைக் கடந்துவிட்டது. ஒருவர் பார்த்தார், அழைத்தார், பயிற்றினார். அந்தப் பார்வை இல்லாதிருந்தால் அவர் ஒரு நல்ல காற்பந்தாட்டக்காரராக வாழ்ந்து முடித்திருப்பார்.

மெக்சிகோ என்றதும் உலகம் நினைப்பது இன்னொரு படத்தை. 200 மீட்டரை 19.83 வினாடியில் ஓடி உலகச் சாதனையுடன் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும், வெண்கலம் வென்ற ஜான் கார்லோசும், பரிசு மேடையில் காலணியின்றிக் கருங்காலுறையுடன் நின்று, தம் நாட்டில் கறுப்பின மக்கள் படும் இழிவை உலகுக்கு உணர்த்தக் கருங்கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினார்கள். அவர்கள் இருவரும் அணியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நடுவே வெள்ளியுடன் நின்ற நார்மன், அவர்களோடு உடன்பட்டு மனித உரிமைச் சின்னத்தைத் தம் மார்பில் குத்திக்கொண்டார். 2006இல் நார்மன் மறைந்தபோது அந்த இருவரும் ஆஸ்திரேலியா சென்று அவருடைய பெட்டியைத் தோளில் சுமந்தனர். இந்தப் படத்தை நான் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். அவர்களுக்கு நான் மறவாமல் சொல்வது ஒன்றுண்டு: ஸ்மித்தும் கார்லோசும் சான் ஹோசே கல்லூரியில், பட் வின்டர் என்னும் ஒரே பயிற்றுநரிடம் பயின்றவர்கள். அந்த முட்டிகளை உலகம் கண்டது அவர்கள் முதலில் மேடையேறியதனால். மேடையேறியது பயிற்சியினால். கல்லூரியும் திடலும் பயிற்றுநரும் இல்லாத ஓர் ஊரில் அவர்கள் பிறந்திருந்தால், அந்த நியாயக் குரலை யார் கேட்டிருப்பார்?

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். "படிப்புக் கெட்டுவிடும்" என்பது நம் பெற்றோரின் அச்சம். ஆசிரியர்களாகிய நாம் அந்த அச்சத்தை நீக்குவதற்கு மாறாக அதற்கு நெய் ஊற்றுகிறோம். பறக்கும் மருத்துவர் என்று ஏடுகள் அழைத்தனவே, அந்த ஜெகதீசன் ஓடிக்கொண்டே மருத்துவம் பயின்றவர். அவர் 1960இல் ரோம் நகர ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. அதற்குப் பின் நான்கு ஆசிய, ஒலிம்பிக் களங்களையும் மருத்துவப் பாடநூல்களையும் ஒரே தோளில் சுமந்தார். குணாளனோ ஆசிரியர், நம் தொழிலையே செய்தவர். நாம் பெருமையடித்துக்கொள்ளும் இருவரும் நம் அச்சத்துக்கு எதிரான சான்றுகளாக நிற்கிறார்கள். சான்றைப் போற்றுகிறோம், சாட்சியத்தைக் கேட்பதில்லை.

நம் பள்ளிகளில் நடப்பது என்ன? அட்டவணையில் உடற்கல்வி இருக்கிறது. 2011இல் ஒரு மாணவர் ஒரு விளையாட்டு என்னும் கொள்கையும் வந்தது. கோப்புகள் நிறைந்தன. ஆனால் தேர்வு நெருங்கும் திங்களில் முதலில் பலியாவது உடற்கல்வி நேரமே. யு.பி.எஸ்.ஆர். தேர்வைச் சாக்காகச் சொல்லி வந்தோம். 2021இல் அத்தேர்வே அகற்றப்பட்டது. சாக்குப் போயிற்று, பழக்கம் போகவில்லை. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு பள்ளியில் உடற்கல்வி நேரத்தில் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்து மாதிரிக் கட்டுரை ஒன்றை மனப்பாடம் செய்வித்ததை நான் கண்ணால் கண்டேன். கட்டுரையின் தலைப்பு: 'விளையாட்டின் நன்மைகள்'. "ஓடி விளையாடுவதால் உடல் உறுதி பெறும்" என்று முப்பது பிள்ளைகள் நாற்காலியில் அமர்ந்தபடி ஒரே குரலில் ஒப்புவித்தார்கள். சன்னலுக்கு வெளியே திடல் காலியாகக் கிடந்தது.

நகைத்துவிட்டு நகர்ந்துவிட எனக்கு உரிமை இல்லை. நானும் அதைச் செய்தவன்.

ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு தோட்டப் பள்ளிக்குச் சென்ற காலம், 1990களின் தொடக்கம். ஆறாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். பால் வெட்டும் தொழிலாளியின் மகள். காலணியின்றி, மாடு மேய்ந்த திடலில், பையன்களையும் பின்தள்ளி ஓடுவாள். மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு அவள் பெயர் போயிருந்தது. போட்டி நாளும் எங்கள் பள்ளியின் முன்னோட்டத் தேர்வும் ஒரே நாளில் வந்தன. நான் வகுப்பாசிரியர். அவள் பெயரை நீக்கினேன். மாலையில் அவளுடைய தந்தை பள்ளி வாசலில் வந்து நின்றார். சட்டையில் பால் கறை. "தேர்வு நாள மாத்த முடியாதுங்களா, சார்?" என்று கேட்டார். "முடியாது" என்றேன். அவர் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

முன்னோட்டத் தேர்வு எங்கள் பள்ளி வைத்தது. தாள் எங்கள் அலமாரியில் இருந்தது. ஒரே ஒரு மாணவிக்கு மறுநாள் வைத்திருந்தால் எந்தச் சட்டமும் மீறப்பட்டிருக்காது. தலைமையாசிரியரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவள் பெரிய ஓட்டக்காரியாக வந்திருப்பாள் என்று நான் கதை கட்டவில்லை. வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அவள் எத்தனை வினாடியில் ஓடினாள் என்பதைக்கூட நான் ஒருமுறையும் அளந்து எழுதி வைக்கவில்லை. அந்த எண் எங்கும் இல்லை. 49 ஆண்டுகள் என்று மேடையில் முழங்குகிறபோது, அந்த ஆண்டுகளுக்குள் இருக்கும் ஓராண்டு என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

பெண் பிள்ளைகள் என்றால் நம் கதவு இன்னும் இறுகும். 1967இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் 261ஆம் எண்ணை அணிந்து ஓடிய கேத்ரின் சுவிட்சரை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் அதிகாரி பாய்ந்து பிடித்து எண்ணைக் கிழிக்க முயன்றார். அவர் ஓட்டத்தை முடித்தார். 1968 ஒலிம்பிக்கில் மகளிருக்கு அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட ஓட்டம் 800 மீட்டர். அதற்குமேல் பெண்ணின் உடல் தாங்காது என்பது அக்கால அறிவாளிகளின் எண்ணம். அவ்வளவு குறுகிய காலத்தில் நம் நாட்டின் இராஜாமணி ஆசியாவின் மகளிர் 400 மீட்டரை வென்றார். இன்றோ, "வெயிலில் கறுத்துவிடுவாள்", "வயசுக்கு வந்த பிள்ளை அரைக்கால் சட்டை போடலாமா" என்று என்னிடம் வந்து நிற்கும் பெற்றோர் உண்டு. அவர்களை நான் பெரிதும் கடிந்துகொள்வதில்லை. இராஜாமணியின் பெயரை அவர்களுக்குப் பள்ளியில் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாம்.

"திடல் இல்லையே, ஐயா?" என்பீர்கள். உண்மை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மனைகளாயின; பல பள்ளிகள் கடை வரிசைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டன. 400 மீட்டர் ஓடுபாதை வரைய இடமுள்ள தமிழ்ப்பள்ளி அரிது. இதற்காக அரசினரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் திடல் இல்லாத பள்ளியில் உடற்கல்வி நேரமுமா இல்லாமற்போயிற்று? அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவர் நிலத்தரகர் அல்லர்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை எவரேனும் உங்கள் முன்னே 49 ஆண்டுகள் என்று முழங்கினால், கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை வினாடி? முறியடித்தவர் யார்? எங்கள் உடற்கல்வி நேரம் எந்தக் கிழமை? மூன்றாம் கேள்விக்கு விடை தடுமாறினால், நீங்கள் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பள்ளியில் இருப்பது 80 மீட்டர் நேர்ப்பாதை ஒன்று; கோடி வரை ஓடினால் வேலியில் மோத வேண்டியிருக்கும் என்பதால் பழைய மெத்தை இரண்டைக் கட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையின் ஓட்டத்தையும் பருவத்துக்கு ஒருமுறை அளந்து ஒரு பேரேட்டில் எழுதுகிறோம். ஆண் பெண் வேறுபாடின்றி எல்லாருடைய பெயரும் அதில் உண்டு. உடற்கல்வி எங்களுக்குப் புதனும் வியாழனும். அந்த நேரத்தைக் கணிதத்துக்குக் கடன் கேட்டு இவ்வாண்டு என்னிடம் இருவர் வந்தனர், வெறுங்கையுடன் திரும்பினர். வந்து பார்க்க விரும்பும் ஆசிரிய நண்பர்கள் தாராளமாக வரலாம். முடிந்தால் ஒரு நிறுத்துக் கடிகாரம் கொண்டு வாருங்கள். எங்களிடம் இருப்பது ஒன்றே, அதுவும் சில வேளைகளில் நின்றுவிடுகிறது.